காண்டாக் கம்பு

காய்ப்பாரம் தாங்காமல் முருங்கைக் கிளை ஒன்று வேலிப் பக்கம் சாய்ந்திருந்தது. அதற்கு முட்டுக் கொடுத்திருந்த கம்பைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆள் உயரத்துக்குச் சற்றே குறைவு. நடுப்பகுதி தோள் பட்டுப் பட்டு வழவழவென்று தேய்ந்திருந்தது. இரண்டு முனைகளிலும் வாளிப்பிடி நழுவாமலிருக்க வெட்டிய பள்ளம்.

"இது என்ன கம்பு பாட்டி?"

"காண்டாக் கம்பு. முப்பது வருசம் என் தோள்ல கெடந்துச்சு. இப்ப முருங்கைக்கு முட்டுக் குடுக்குது. நான் வேலய விட்டு நின்னுட்டேன், அதுக்கு இன்னும் வேல இருக்கு."

கெடா மாநிலத்தில் பீடோங் நகரிலிருந்து உள்ளே தள்ளி, ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டமாக இருந்து இப்போது செம்பனைத் தோட்டமாகிவிட்ட நிலத்தின் ஓரத்தில் அந்த வீடு இருந்தது. பாட்டிக்கு வயது எண்பதை ஒட்டி. என்னை அழைத்துப்போன ஓய்வுபெற்ற தமிழாசிரியர் திண்ணையில் அமர்ந்து செருப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார். காண்டா என்றால் என்ன என்று நான் மறுபடி கேட்டேன்.

"ரெண்டு பக்கமும் பால் வாளியத் தொங்கவிட்டுத் தோள்ல தூக்கறது. ஒங்க ஊர்ல இல்லியா?"

"காவடி மாதிரி."

"காவடி சாமிக்குத் தம்பி. காண்டா தொரைக்கு."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். பிறகு உள்ளே போய்ப் பழைய சாமான்களைக் கொண்டுவந்து திண்ணையில் ஒவ்வொன்றாக வைத்தார். மரத்தில் கம்பி கட்டிப் பால் பிடிக்கும் கிண்ணம், அது 'மங்கு'. இருட்டில் நெற்றியில் கட்டிக்கொள்ளும் விளக்கு. வெட்டுக் கத்தி. விடியுமுன் எல்லோரும் கூடி நின்று பெயர் கொடுக்கும் இடம் 'பெரட்டு'. பிள்ளையை விட்டுவிட்டுப் போகும் இடம் 'ஆயாக்கொட்டகை'. கணக்கு எழுதுகிறவர் 'கிராணி'. வேலை வாங்குகிறவர் 'தண்டல்'. மரமோ, அது 'கித்தா மரம்'. ரப்பர் என்ற சொல் அவர் வாயில் ஒருமுறைகூட வரவில்லை.

"இதுல எதெல்லாம் தமிழ், எதெல்லாம் மலாய் பாட்டி?"

என் கேள்வி அவருக்கு விளங்கவில்லை. ஆசிரியரைப் பார்த்தார். ஆசிரியர் உதவிக்கு வரவில்லை.

"எல்லாம் தமிழ்தான். எங்க அம்மா பேசினது. வேற என்னவா இருக்கும்?"

*

நான் நாகப்பட்டினத்துக்காரன். ராஜுலா என்ற கப்பலின் பெயரைக் கேட்டு வளர்ந்த தலைமுறை. நாகையில் ஆளேற்றிப் பினாங்கில் இறக்கிவிடும் அந்தக் கப்பல் 1926-இல் கட்டப்பட்டு எழுபதுகள் வரை ஓடியது. எங்கள் பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டுக்குப் 'பினாங்கு வீடு' என்றே பெயர். அந்த வீட்டுக் கிழவர் கோபம் வந்தால் எங்களுக்குப் புரியாத ஏதோ ஒரு பாஷையில் திட்டுவார். அது மலாய் என்று பிற்பாடுதான் தெரிந்தது.

கிரியோல் மக்களைப் பற்றிச் சில மாதங்களாகப் படித்துக்கொண்டிருந்தேன். போர்த்துகீசியரின் 'கிரியோலோ' என்ற சொல்லிலிருந்து வந்த பெயர் அது. வளர்ப்பது என்று பொருள்படும் வினையிலிருந்து பிறந்தது. வந்த இடத்திலேயே பிறந்து வளர்ந்தவர்கள் என்பது அதன் முதல் பொருள். பல பாஷைக்காரர்கள் ஒரே கரும்புத் தோட்டத்தில், ஒரே துறைமுகத்தில் தள்ளப்படும்போது முதலில் ஒரு கைவாகு மொழி உண்டாகிறது. கூலி கேட்க, சாமான் வாங்க, சண்டை போட அது போதும். அந்த அரைகுறைப் பேச்சைக் கேட்டு ஒரு குழந்தை வளர்ந்து, அதிலேயே அழுது, அதிலேயே கனவு காணத் தொடங்கும்போது அது முழு மொழியாகிவிடுகிறது. அதுதான் கிரியோல்.

மொரிசியசிலும் ரியூனியனிலும் தமிழர்களின் பேரப்பிள்ளைகள் கிரியோல் பேசுகிறார்கள். மொரிசியசின் ரூபாய்த் தாளில் தமிழ் எழுத்து இருக்கிறது. வீட்டுக்குள் அடுப்படியில் கிரியோல் இருக்கிறது. கீரையை அவர்கள் 'ப்ரெட்' என்பார்கள், முருங்கைக்கீரை அங்கே 'ப்ரெட் முரும்'. பிரெஞ்சுக்காரர்களின் நாக்கு நம் முருங்கையை அரைகுறையாகக் கடித்துத் துப்பியது போல ஒரு சொல். அதைப் படித்த நாளிலிருந்து ஒரு கேள்வி உறுத்திக்கொண்டிருந்தது. அதே தஞ்சாவூர், திருச்சி, சேலம், வட ஆற்காட்டுச் சனம்தான் மலாயாவின் கித்தாக் காட்டுக்கும் போயிற்று. அங்கே ஏன் ஒரு கிரியோல் பிறக்கவில்லை? அல்லது பிறந்து, நாம்தான் அதைத் தமிழ் என்று அழைத்துக்கொண்டிருக்கிறோமா?

*

பட்டர்வொர்த்தில் ஏறினால் கொமுட்டர் ரயில் வடக்கே போகிறது. புக்கிட் மெர்தாஜாம், தாசேக் குளுகோர் தாண்டியதும் கெடா. உண்மையில் ஏறிய இடமும் பழைய கெடாதான். பினாங்குத் தீவு 1786-லும் எதிர்க்கரை நிலம் 1800-லும் கெடா சுல்தான்களின் கையிலிருந்து ஆங்கிலேயரிடம் போயின.

இறங்கிய ஊரின் மலாய்ப் பெயர் சுங்கை பெத்தானி. பெத்தானி என்றால் உழவர். தமிழ்ப் பெயர்ப்பலகைகளிலும் செய்தித்தாள்களிலும் அது சுங்கை பட்டாணி. உழவர் ஆற்றைப் பட்டாணி ஆறாக்கிவிட்டது நம் காது. இதைப் பிழை என்று நான் சொன்னபோது ஆசிரியர் மறுத்தார். "தூத்துக்குடியை டூட்டிகொரின்னு வெள்ளக்காரன் சொன்னா வரலாறு, நாம சொன்னா பிழையா?"

நிலையத்தருகே ஒரு மாமாக் கடையில், அதாவது தமிழ் முஸ்லிம் உணவகத்தில், காலைப் பசியாறல். பசியாறுவது என்பதே இங்கே காலைச் சாப்பாட்டுக்கான சொல். நம் ஊரில் இப்போது அப்படிச் சொல்கிறவர்கள் குறைந்துவிட்டார்கள். பக்கத்து மேசைத் தமிழ் இளைஞர் கையை உயர்த்தினார். "அண்ணே, தே தாரிக் கூராங் மானிஸ் ஒண்ணு, ரொட்டி கோசோங் ரெண்டு, தாப்பாவ் பண்ணிருங்க." சீனி குறைத்து ஆற்றிய தேநீர், உள்ளே எதுவும் வைக்காத ரொட்டி, கட்டிக் கொடுங்கள். சீனி குறைவும் ரொட்டியின் வெறுமையும் மலாய். 'தாப்பாவ்' கான்டனீயச் சீனர் சொல். 'அண்ணே', 'ஒண்ணு', 'பண்ணிருங்க' தமிழ். பெயர்ச்சொற்கள் எல்லாம் பிற வீட்டுப் பிள்ளைகள். எண்ணிக்கையும் உறவும் வினையின் வாலும் தமிழ்.

அடுத்து வந்தவர் மலாய் இளைஞர். அவரும் கடைக்காரரை 'அனே' என்றுதான் கூப்பிட்டார். கடைக்காரர் திரும்பி, "ஹாங் நாக் பி மானா?" என்றார். நீ எங்கே போகப்போகிறாய் என்பது. இது பாடப்புத்தக மலாய் அல்ல, கெடாக்காரர்களின் மலாய். 'ஹாங்' என்றால் நீ, 'பி' என்றால் போ. கோலாலம்பூரில் இப்படிப் பேசினால் வடக்கத்தி ஆள் என்று உடனே பிடித்துவிடுவார்கள். இங்கே பிறந்த தமிழர்களின் மலாயிலும் இந்த வடக்கு வாடை அப்படியே இருக்கிறது.

கொடுக்கல் மட்டுமில்லை, வாங்கலும் உண்டு. மலாயில் கெடாய் என்றால் கடை, காப்பால் என்றால் கப்பல், பெத்தி என்றால் பெட்டி, தீராய் என்றால் திரை. புதுமாப்பிள்ளை அவர்களுக்கு மெம்பெலாய். எனக்கு மிகப் பிடித்தது கோயில். மலாய்க்காரர்கள் இந்துக் கோயிலைக் 'குயில்' என்கிறார்கள். மேசையும் அலமாரியும் ஜன்னலும் இரண்டு மொழிக்குமே சொந்தமில்லை. மலாயில் மேஜா, அல்மாரி, ஜெண்டேலா. போர்த்துகீசியர் நாகையிலும் மலாக்காவிலும் ஒரே மரச்சாமானை இறக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். பாட்டியின் ஆயாக்கொட்டகையில் இருக்கும் ஆயாவும் அவர்கள் விட்டுச்சென்றவள்தான்.

*

பாட்டியின் சொற்களை அன்று இரவு விடுதியில் உட்கார்ந்து பிரித்தேன். மங்கு, மலாயின் மங்கோக், கிண்ணம். கித்தா, மலாயின் கெத்தா, மரப்பால். பெரட்டு, ஆங்கிலத்தின் பரேடு. இலங்கை மலையகத்திலும் பிரட்டுக்களம் என்ற சொல் உண்டு. கிராணி, மலாயின் கெரானி. தண்டல் நம் சொல்லே, தண்டுவது என்றால் வசூலிப்பது. அது மலாய்க்குப் போய்த் தண்டில் ஆகி, அங்கேயும் தங்கி, இங்கேயும் தங்கியிருக்கிறது. காண்டா, மலாயின் கண்டார், தோளில் கம்பு வைத்துச் சுமப்பது.

பட்டியலைப் பார்த்தபோது ஒன்று தெரிந்தது. கலந்து கிடந்த சொற்கள் எல்லாம் வேலையைச் சேர்ந்தவை. தூக்குவது, வெட்டுவது, எண்ணுவது, மிரட்டுவது. அத்தை, மாமா, தாலி, படையல், திருவிழா, கருமாதி என்று அவர் பேச்சில் வந்த மற்றவை எதிலும் வெளிச்சொல் ஒட்டவில்லை. தூரத்தைச் சொல்லும்போதுகூட மைல்கல்லுக்குக் 'கட்டை' என்றார், மூணாங்கட்டை, நாலாங்கட்டை. 

பீடோங் வட்டாரத்தின் சரித்திரமும் இதையேதான் சொல்கிறது. இரண்டாம் உலகப்போர் முடிந்த கையோடு, இங்கே ஹார்வர்டு தோட்டத்தில் ஏ.எம். சாமி என்பவர் தலைமையில் ஓர் அமைப்பு எழுந்தது. கள்ளுக்கடையை மூடு என்று ஆரம்பித்து, கூலியும் மரியாதையும் கேட்டது. 1947-இல் போலீஸ் அதை அடக்க இறங்கியது. அந்த அமைப்பின் பெயர் 'தொண்டர் படை'. பெரட்டும் மங்கும் காண்டாவுமாகப் பேசிக்கொண்டிருந்த சனம், எதிர்த்து நிற்கும்போது வைத்துக்கொண்ட பெயரில் கலப்பே இல்லை. கூலிக்குப் பேசிய மொழி வேறு, மானத்துக்குப் பேசிய மொழி வேறு.

ரியூனியனில் இந்தப் பிரிவினைக்கு இடம் கிடைக்கவில்லை. 1848-இல் அங்கே அடிமை முறை ஒழிந்தது. 1860-இல் பிரான்சும் பிரிட்டனும் ஒப்பந்தம் போட்டு, இந்தியக் கூலிகளைக் கொண்டுபோனார்கள். புதுவையிலும் காரைக்காலிலும் ஏறிய தமிழர்கள் இறங்கிய இடத்தில் ஏற்கெனவே ஒரு கிரியோல் காத்திருந்தது. ஆப்பிரிக்க, மலகாசி அடிமைகளின் பிள்ளைகள் அதைப் பேசிக்கொண்டிருந்தார்கள். பெயர் கொடுக்க மாதா கோயில், எழுத்துக் கொடுக்க பிரெஞ்சுப் பள்ளிக்கூடம். 1882-க்குப் பிறகு கப்பலும் நின்றது. தீமிதியும் காவடியும் பிழைத்தன, பேச்சு பிழைக்கவில்லை. இன்று அவர்களை 'மலபார்' என்கிறார்கள். மந்திரத்தைப் பிரெஞ்சு எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு சாமி கும்பிடுகிறவர்களும் உண்டு.

கெடாவில் நடந்தது வேறு. கங்காணி தன் சொந்த ஊருக்குத் திரும்பிப்போய், பங்காளியையும் மச்சானையும் அடுத்த தெருக்காரனையும் அழைத்துவந்தான். ஒரு லயத்து வரிசை வீடுகளில் ஒரு கிராமமே உட்கார்ந்திருக்கும். பெண்கள் வந்தார்கள், பால் வெட்ட வந்தார்கள், பிள்ளை பெற்றார்கள். 1938-இல் இந்திய அரசு கூலி அனுப்புவதை நிறுத்தும்வரை அந்த வரத்து ஓயவில்லை. பக்கத்தில் கம்பம் எனப்படும் மலாய்க் கிராமமும் சீனர் கடையும் இருந்தன. அங்கே பேசுவதற்குச் சந்தை மலாய், பாசார் மலாய், போதுமானதாக இருந்தது. அதற்கு மேல் தேவைப்படவில்லை. கைவாகு மொழி கைவாகாகவே நின்றுவிட்டது, தொட்டிலுக்கு ஏறவில்லை.

அப்புறம் பள்ளிக்கூடம். 1816-இல் பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் ஒரு தமிழ் வகுப்பு தொடங்கியது. மலேசியத் தமிழ்க் கல்வி அதிலிருந்துதான் தன் வயதை எண்ணுகிறது. தோட்டத்தில் பிள்ளைகள் இருந்தால் முதலாளி பள்ளி வைக்க வேண்டும் என்று 1923-இன் தொழிலாளர் சட்டம் கூட்டு மலாய் மாநிலங்களில் கட்டாயமாக்கியது. கெடா அந்தக் கூட்டில் சேராத மாநிலம். ஆனாலும் தோட்டப் பள்ளிகள் இங்கேயும் வந்தன. துரைக்குத் தமிழ்மேல் பாசமில்லை, ஆள் ஓடிப்போகாமல் இருக்க வேண்டும், அவ்வளவே. கிராணியே வாத்தியாராக இருந்த ஓலைக்கொட்டகைப் பள்ளிகள் பல. இன்று கெடாவில் ஐம்பதுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் அந்த அரைமனதின் மேல் எழுந்து நிற்கின்றன.

மலாக்காச் செட்டிகளை இந்தத் தராசின் மறுதட்டில் வைக்கலாம். சுல்தான்கள் காலத்தில் வணிகம் செய்ய வந்த தமிழ் ஆண்கள், அங்கேயே மணம் முடித்தார்கள். தாயின் தாலாட்டு மலாயில் இருந்தது, பிள்ளையின் மொழி மலாய் ஆயிற்று. காஜா பெராங்கில் வாழும் அவர்களின் வழித்தோன்றல்கள் பேசுவது ஒரு தனி கிரியோல் மலாய். தமிழ் பேச்சில் இல்லை. ஆனால் 1781-இல் எழுப்பிய பொய்யாத விநாயகர் கோயில் அவர்களுடையது. போகி நாளில் முன்னோருக்குப் படையல் வைக்கிறார்கள், அதைப் 'பார்ச்சு' என்கிறார்கள். கெடாவில் வேலைச் சொல் மாறி வீட்டுச் சொல் நின்றது. மலாக்காவில் வீட்டுச் சொல்லே மாறி, சாமிச் சொல் மட்டும் நின்றது. யார் யாரோடு வந்தார்கள் என்பதே வித்தியாசம்.

*

மறுநாள் மெர்போக். ஜெராய் மலையின் அடிவாரத்தில் பூஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகம். பட்டினப்பாலை சொல்லும் காழகம் இந்தக் கரைதான் என்பார்கள். ராஜேந்திரன் 1025-இல் கப்பல் அனுப்பி வென்ற கடாரமும் இதுவே. அந்தப் படையெடுப்புக்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பு, ராஜராஜன் காலத்தில், இந்தக் கடாரத்து அரச குலம்தான் எங்கள் நாகையில் சூடாமணி விகாரத்தைக் கட்டியது. ஆனைமங்கலம் என்ற ஊர் அதற்கு நிவந்தமாகப் போனது. முதலில் கோயில் கட்டிய உறவு, பிறகு படை போன உறவு. எங்கள் ஊர்ப் பெருமையில் இரண்டாவது மட்டும்தான் மேடையேறும்.

புக்கிட் பத்து பாகாட் சண்டியின், அதாவது பழங்கோயிலின், கல் அடித்தளத்தை 1960-இல் மீட்டுக் கட்டியிருக்கிறார்கள். கருவறையும் முன்மண்டபமும் நமக்குப் பழகிய அமைப்பு. ஆனால் மண்டபத்தில் தூண்களைக் காணோம், தூண் நின்ற கல் பீடங்கள் மட்டும் வரிசையாக இருக்கின்றன. மேலே இருந்தவை மரமும் கூரையும், மழை தின்றுவிட்டது. அடி இந்தியாவின் வழக்கம், முடி இந்தக் காட்டின் வழக்கம். பாட்டியின் வாக்கியத்தைக் கல்லில் பார்ப்பதுபோல இருந்தது, தலைகீழாக.

அங்கிருந்து குவாலா கெடா. ஆற்றுமுகத்தில் பதினெட்டாம் நூற்றாண்டுக் கோட்டை, மீன்படகுகள், லங்காவிக்குப் போகும் பயணிகள் வரிசை. கெடாவின் அசல் கிரியோல் மக்களைத் தேடிப்போனால் இந்தக் கரையில்தான் நிற்க வேண்டும். சயாமின் புக்கெட் தீவிலிருந்து தப்பிவந்த கத்தோலிக்கர்கள் சிலர் இங்கே குடியிருந்தார்கள். போர்த்துகீசிய ரத்தம், சயாமியத் தாய்மார், மலாய் அண்டை. அவர்களைச் 'செரானி' என்றார்கள், நஸ்ரானி என்பதன் திரிபு. 1786 ஆகஸ்டில், பிரான்சிஸ் லைட் பினாங்கில் கொடி ஏற்றிய சில நாட்களுக்குள், கார்னோ என்ற பிரெஞ்சுப் பாதிரியார் அவர்களைப் படகேற்றித் தீவுக்கு அழைத்துப்போனார். மாதா விண்ணேற்பு விழாவை ஒட்டிப் போய்ச் சேர்ந்ததால், அவர்கள் எழுப்பிய ஆலயத்துக்கு அதே பெயர். லைட்டின் துணைவி மார்ட்டினா ரோசெல்ஸும் இந்தக் கலப்புக் குலத்தவர். பினாங்கின் முதல் குடிகள் பட்டியலில் கெடாவின் கிரியோல்கள் இருக்கிறார்கள். குவாலா கெடாவில் அவர்கள் பேசிய பேச்சில் இன்று ஒரு சொல்லும் மிஞ்சவில்லை.

கெடாவின் வடக்கே சம்சம் என்ற மக்கள் இருக்கிறார்கள். முஸ்லிம்கள், வீட்டுமொழி தென் சயாம். பினாங்கிலும் கெடா நகரங்களிலும் 'ஜாவி பெக்கான்' என்ற தமிழ் முஸ்லிம் மலாய்க் கலப்புக் குடும்பங்கள். இவர்களின் இனத்தார்தான் மலாய் எழுத்துலகத்தின் வாசலைத் திறந்தவர்கள். நவீன மலாய் உரைநடையின் தந்தை என்று சொல்லப்படும் முன்ஷி அப்துல்லாவின் முன்னோர் ஏமனிலிருந்து நாகூர் வந்து, தமிழ்ப் பெண்ணை மணந்து, பின் மலாக்கா போனவர்கள். அக்கால மலாக்காவில் வசதியான வீட்டுப் பிள்ளைகளைக் கணக்குவழக்குக்காகத் தமிழ் படிக்க அனுப்புவது வழக்கம் என்று 1849-இல் அச்சான தன் வரலாற்றில் அவர் சொல்கிறார். 1876-இல் சிங்கப்பூரில் 'ஜாவி பெரானாக்கான்' என்ற மலாய் வார இதழ் வந்தது, நடத்தியவர்கள் பெயரிலேயே இருக்கிறார்கள். அதற்கும் முன்னால் 1869-இல் கொழும்பில் 'ஆலமாத் லங்காபுரி' என்ற மலாய் இதழ் வந்துவிட்டது. டச்சுக்காரர்கள் இலங்கைக்குக் கொண்டுபோன மலாய்ச் சிப்பாய்களின் வம்சத்தார் நடத்தியது. அந்த இலங்கை மலாயில் வினை வாக்கியத்தின் கடைசிக்கு வந்துவிட்டது, தமிழைப்போல. தமிழ் மண்ணுக்குப் போன மலாய் நம் இலக்கணத்தை உடுத்திக்கொண்டது. மலாய் மண்ணுக்கு வந்த தமிழ் அவர்கள் சொற்களைத் தோளில் ஏற்றிக்கொண்டது.

*

சுங்கை பட்டாணிக்குத் திரும்பி, ஆசிரியரின் வீட்டு அலமாரி முன் ஒரு மாலையைக் கழித்தேன். மலேசியத் தமிழ் இலக்கியத்தில் இந்தச் சிறு நகரத்தின் பங்கு அதன் அளவுக்கு மீறியது. சீ. முத்துசாமி, கோ. புண்ணியவான், கே. பாலமுருகன் மூவரும் இந்த ஊர்க்காரர்கள். ரெ. கார்த்திகேசு பீடோங்கில் 1940-இல் பிறந்தவர். ம. நவீன் கூலிம் அருகே லூனாஸ்காரர்.

"எங்க தலைமுறைக்கு எழுத்துன்னா மு.வ.தான்," என்றார் ஆசிரியர். "நாங்க கதை எழுதினா, தோட்டத்துல பால் வெட்டறவனும் 'அன்பே, வருக'ம்பான்."

1950-இல் தமிழ் நேசன் நாளிதழ் நடத்திய கதை வகுப்பு ஒரு தலைமுறையை எழுத வைத்தது. 1924-இல் தொடங்கிய அந்த நாளிதழ் 2019-இல் நின்றது. அதன் ஞாயிற்றுப் பதிப்பில் பெயர் வருவது தோட்டத்து இளைஞனுக்குப் பெரிய கௌரவம். அந்தக் கௌரவத்துக்குக் கொடுத்த விலை, அவன் தாயின் பேச்சு. 'கித்தா' என்று எழுதினால் ஆசிரியர் குழு 'ரப்பர்' என்று திருத்தும். 'சடக்கு' என்று எழுதினால் 'சாலை' ஆகும். வீட்டில் சடக்கில் நடந்து வந்து, காகிதத்தில் சாலையில் நடந்தார்கள்.

இந்தத் தயக்கம் கிரியோல் பேசும் எல்லா மக்களுக்கும் உண்டு. மொரிசியசில் தெலுங்கு வழிவந்த தேவ் விராசாமி, கிரியோல் சமையலறைப் பேச்சு என்ற ஏளனத்தை எதிர்த்து ஆயுள் முழுக்க அதில் நாடகம் எழுதினார். ஷேக்ஸ்பியரைக்கூட அதற்குள் கொண்டுவந்தார். தன் மொழி மொழிதான் என்று காட்ட அவருக்கு ஒரு மெக்பெத் தேவைப்பட்டது.

கெடாவின் மெக்பெத் எளியது. சீ. முத்துசாமியின் 'மண்புழுக்கள்' நாவல் 2006-இல் வந்தது. தோட்டத்துப் பேச்சு மேற்கோள் குறிகளுக்குள் அடைபட்டிருக்கவில்லை, கதையின் உடம்பே அதுவாக இருந்தது. 2017-இல் கோயம்புத்தூரில் அவருக்கு விஷ்ணுபுரம் விருது அளிக்கப்பட்டது. தமிழக வாசகன் மங்கு என்றால் என்ன என்று தட்டுத் தடுமாறிப் புரிந்துகொண்டான். கரிசல் சொல்லுக்கும் நாஞ்சில் சொல்லுக்கும் அப்படித்தானே பழகினோம்? கோ. புண்ணியவான் 'கையறு' நாவலில் சயாம் மரண ரயில் பாதைக்குப் போன தோட்டத்து ஆட்களைப் பின்தொடர்ந்தார். நவீனின் 'பேய்ச்சி' லூனாஸ் மண்ணையும், 1981-இல் அங்கே நச்சுச் சாராயம் பறித்த உயிர்களையும், அந்த மக்களின் வசவையும் சேர்த்தே கொண்டுவந்தது. 2020 டிசம்பரில் மலேசிய உள்துறை அமைச்சு அந்நாவலைத் தடை செய்தது. எழுத்தில் இடமே இல்லாத பேச்சாக ஒரு காலத்தில் இருந்தது, அரசு அஞ்சும் பேச்சாக மாற ஒரு தலைமுறை போதுமாயிருந்திருக்கிறது.

ஆனால் அந்தப் பேச்சு எழுத்தில் ஏறிய வேளையில், தோட்டம் காலியாகிக்கொண்டிருந்தது. கித்தாவைச் சாய்த்துச் செம்பனை வைத்தார்கள். லயங்கள் இடிந்தன. சனம் நகரத்து ஓரத்து வீடமைப்புகளுக்குப் போயிற்று. செம்பனைக்கு மங்கு வேண்டாம், காண்டா வேண்டாம். பொருள் போனபின் சொல்லைக் காப்பாற்றி வைத்திருப்பது இப்போது நாவல்கள்தாம்.

*

அலோர் ஸ்டாரில் மதியச் சாப்பாடு நாசி கண்டார். பெயர்ப்பலகையைப் பார்த்ததும்தான் எனக்கு உறைத்தது. அதே கம்பு! பினாங்குத் துறைமுகத்தில் கூலிகளுக்குச் சோறு விற்க, கடையநல்லூர்ப் பக்கத்திலிருந்தும் ராமநாதபுரத்திலிருந்தும் வந்த தமிழ் முஸ்லிம்கள் தோளில் கம்பை வைத்து, ஒரு முனையில் சோற்றுப்பானை, மறுமுனையில் குழம்புப்பானை என்று சுமந்தார்கள். கம்பு போய்க் கடை வந்தது, பெயர் ஒட்டிக்கொண்டது. நாசி மலாய்ச் சோறு, கண்டார் கம்பு. தோட்டத்தில் அதே கம்பில் ஒரு தமிழச்சி பால் சுமந்த காலத்தில், துறைமுகத்தில் ஒரு தமிழன் சோறு சுமந்திருக்கிறான்.

பரிமாறுகிறவர் கரண்டியை ஓங்கி, "கூவா சம்பூர்?" என்றார். எல்லாக் குழம்பையும் கலந்து ஊற்றவா என்று கேள்வி. மீன், கோழி, பருப்பு, எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகச் சோற்றில் இறங்கின. தட்டின் ஓரத்தில் சோறு வெள்ளையாகவே இருந்தது.

ரயிலுக்கு நேரமிருந்ததால் திரும்பும் வழியில் பாட்டியிடம் சொல்லிக்கொள்ளப் போனோம். பள்ளி விட்டு வந்திருந்த கொள்ளுப்பேத்தி திண்ணையில் இருந்தாள். தமிழ்ப்பள்ளியில் நாலாம் வகுப்பு. அந்தக் கம்புக்கு என்ன பெயர் என்று அவளைக் கேட்டேன்.

"கம்புதான் அங்கிள்."

"காண்டான்னு சொல்லுவாங்களே?"

"அது சாப்பாடு."

பாட்டி இடுப்பில் கைவைத்துச் சிரித்தார். கோபப்படவில்லை. கம்பைத் தட்டிப் பார்த்து, அசையாமல் இருக்கிறதா என்று உறுதி செய்துகொண்டு, முட்டு வைத்த கிளையிலிருந்து கீரையை ஒடித்தார். பேத்தி அதை ஒரு பழைய செய்தித்தாளில் சுற்றினாள். சுற்றிக்கொண்டே, பள்ளியில் மலாய்ப் பாடத்தில் இந்த மரம் 'மெருங்காய்' என்று வந்ததாகவும், டீச்சரிடம் அது எங்கள் முருங்கைதான் என்று தான் சொன்னதாகவும் கதை சொன்னாள்.

விடுதியில் எனக்கு அடுப்பு ஏது? வேண்டாம் பாட்டி என்றேன்.

"எந்த ஊருக்குப் போனாலும் கீர வேணாம்னு சொல்லக்கூடாது. தாப்பாவ் பண்ணிக்கிட்டுப் போ தம்பி."

அது எந்த மொழிச் சொல் என்று நான் கேட்கவில்லை.